மினிட் புத்தகத்தில் ஏறாத பேச்சு

1986இல் ஒரு நகராட்சி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். 2019 மே மாதம் மேலாளராக ஓய்வு. நடுவில் பதினோரு வருஷம் மன்றப் பிரிவு. கவுன்சில் கூட்டத்தில் தலைவர் மேடைக்குக் கீழே ஒரு மரமேஜை போட்டு உட்கார்ந்து, எந்தப் பொருள் வந்தது, யார் ஆட்சேபித்தார், என்ன தீர்மானமானது என்று மினிட் புத்தகத்தில், அதாவது கூட்டக் குறிப்பேட்டில், எழுதுகிற வேலை. வெளிநடப்பு செய்தவர்கள் டீ குடித்துவிட்டு எத்தனை மணிக்குத் திரும்பி வந்தார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும். அதையெல்லாம் எழுத மாட்டோம்.

இந்த இதழுக்கு ஏரியா சபை, வார்டு குழு, கவுன்சிலர் என்று வந்த கடிதங்களாகவே பொறுக்கி அனுப்பியிருக்கிறார்கள். புகார் எழுதியவர்கள் பலர் பேரும் ஊரும் வேண்டாம் என்றிருக்கிறார்கள். போடவில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் ஏரியா சபைக் கூட்டம் நடந்ததாம். முடிந்த பிறகு பால்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிராமசபை கேள்விப்பட்டிருக்கிறேன். இது என்ன புதுசாக? (ஒரு வாசகி)

புதுசுதான். புதுசாக இருந்திருக்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம்.

1992இல் நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தில் இரண்டு திருத்தங்களைச் சேர்த்தே செய்தது. 73 கிராமத்துக்கு, 74 நகரத்துக்கு. கிராமத்துக்கு 243, 243ஏ என்று பிரிவுகள் வைத்து, வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்ததுதான் கிராமசபை என்று எழுதினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத ஆளும் எழுந்து நின்று தலைவரைக் கேள்வி கேட்கலாம். தமிழ்நாட்டில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1.

நகரத்துக்கு வந்த 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. அதில் மூன்று லட்சம் பேரோ அதற்கு மேலோ இருக்கிற ஊரில் வார்டு குழு வேண்டும் என்று மட்டும்தான் இருக்கிறது. அதையும் ஒரு வார்டுக்கு ஒன்று என்று வைக்கத் தேவையில்லை, பல வார்டுகளைச் சேர்த்து ஒன்று போதும் என்று விட்டுவிட்டார்கள். சென்னையில் மண்டலத்துக்கு ஒரு குழு என்று இருப்பது அந்தக் கணக்கில்தான். அதில் உட்காருவதும் கவுன்சிலர்களே. ஓட்டுப் போட்டவருக்கு அங்கே நாற்காலி கிடையாது. கிராமத்தில் இருந்தபோது சபையில் பேசிய மனுஷன், பிழைக்க நகரத்துக்கு வந்ததும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொள்வதோடு சரி.

2005 டிசம்பரில் மத்திய அரசு ஜவாஹர்லால் நேரு பெயரில் நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பாலம், குடிநீர், பேருந்துக்குப் பணம் வேண்டுமானால் மக்கள் பங்கேற்புக்கு ஒரு சட்டம் போடு என்று மாநிலங்களுக்கு நிபந்தனை வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2010இல் நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி ஏரியா சபையைச் சேர்த்தார்கள். நான் அப்போது வேலையில் இருந்தேன். திருத்தத்தின் நகல் வந்தது, கோப்பில் கட்டினோம். விதிகள் வரவில்லை. எங்கள் உலகத்தில் ‘விதிகள் பின்னர் வகுக்கப்படும்’ என்பதைவிட மெத்தையான படுக்கை கிடையாது. ஒரு சட்டம் அதில் படுத்தால் பன்னிரண்டு வருஷம் எழுந்திருக்காது. விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த வருஷம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் ஏரியா சபைகள் கூடின. அப்போது முதலமைச்சராக இருந்த மு.க. ஸ்டாலின் தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த சபையில் போய் உட்கார்ந்தார்.

ஏற்பாடு இதுதான். ஒரு வார்டைப் பல ஏரியாக்களாக வெட்டுவார்கள். பெரிய மாநகராட்சி என்றால் வார்டுக்குப் பத்து. சென்னையின் 200 வார்டுக்கு 2,000 ஏரியா சபை. சின்ன ஊர்களில் எண்ணிக்கை குறையும். உங்கள் ஏரியாவில் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் நீங்கள் உறுப்பினர், யாரும் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியதில்லை. கவுன்சிலர் தலைமை வகிப்பார். ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதி. அந்தப் பிரதிநிதிகளும் கவுன்சிலரும் சேர்ந்தால் அந்த வார்டுக்கு என்று தனி வார்டு குழு. சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எந்தத் தெருவுக்கு விளக்கு, எங்கே குழாய், எந்த வேலை முதலில் என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது சபையின் வேலை.

பால்காரருக்குத் தெரிந்து உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அறிவிப்பை எப்படிச் செய்தீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். நோட்டீஸ் ஒட்டினார்களா, எங்கே ஒட்டினார்கள்? காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு எல்லாத் தெருவுக்கும் வருகிறது. அந்த மைக்கில் இரண்டு நாள் சொன்னால் போதும். இந்த யோசனையை எங்கள் ஏரியாவில் சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள்.

கேள்வி: நான் சபைக்குப் போனேன், தைரியமாகப் பேசினேன், கைதட்டினார்கள். மழைத்தண்ணீர் தேங்குவது, இரண்டு கம்பத்தில் விளக்கு எரியாதது, இரண்டையும் சொன்னேன். எட்டு மாதம் ஆகிறது. இதெல்லாம் கண்துடைப்புதானே? (ஊர் வேண்டாம்)

நீங்கள் பேசியதை யார் எழுதினார்கள், சார்?

எரிச்சலூட்டுவதற்காகக் கேட்கவில்லை. என் பதினோரு வருஷ அனுபவத்தில் எனக்குத் தெரிந்த ஒரே ரகசியம் அதுதான். 1996 தேர்தலுக்குப் பிறகு வந்த எங்கள் கவுன்சிலில் இரண்டு பேரை மறக்க மாட்டேன். ஒருவர் நல்ல பேச்சாளர். குடிதண்ணீர் பிரச்சினையை எடுத்தால் இருபது நிமிஷம், குறளிலிருந்து இரண்டு, கூட்டமே அதிரும். மினிட்டில் நான் எழுதியது ஒரு வரி: ‘மன்ற உறுப்பினர் குடிநீர் விநியோகம் குறித்துப் பேசினார்.’ அடுத்த மாதம் என்னிடம் வந்து சத்தம் போட்டார். அண்ணே, எந்தத் தெரு, எத்தனை குழாய், எவ்வளவு நாளாக வரவில்லை என்று ஒரு இடத்திலும் நீங்கள் சொல்லவில்லையே, எதை எழுதட்டும் என்றேன். பதில் இல்லை.

இன்னொருவர் பீடி சுற்றுகிற அம்மா. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு வந்து அந்தத் தேர்தலில் ஜெயித்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டம் தொடங்குவதற்கு முன் என் மேஜைக்கு வந்து, மகள் எழுதிய துண்டுச் சீட்டைக் கொடுப்பார். ‘இதை அப்படியே ஏத்திக்கோ பாப்பா.’ சீட்டில் ‘கிழக்குத் தெரு, 14ஆம் கம்பம், மூணு வாரமா லைட்டு இல்லை’ என்று இருக்கும். பேசும்போது அதைத்தான் சொல்வார், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நான் அப்படியே ஏற்றுவேன். ஏறிவிட்டால் பொறியாளர் அடுத்த கூட்டத்துக்குள் ‘நடவடிக்கை விவரம்’ என்ற பத்தியில் எதையாவது எழுதியே ஆக வேண்டும். ‘சரிசெய்யப்பட்டது’ என்று எழுதுவதுதான் அவருக்குச் சுலபம். அந்த அம்மா வார்டில்தான் விளக்கு அதிகம் எரிந்தது என்று ஆபீஸில் கேலியாகச் சொல்வோம். கேலி இல்லை, உண்மை.

அதனால் சபைக்குப் போகும்போது வாயோடு மட்டும் போகாதீர்கள். ஒரு பக்கத்தில் மனு, இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். மாநகராட்சிப் பக்கத்திலிருந்து ஓர் அலுவலர் வந்திருப்பார். ‘இது நடவடிக்கைக் குறிப்பில் ஏறட்டும்’ என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்து, போன கூட்டக் குறிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு பத்து பேர் இதைச் செய்தால் கூட்டத்தின் முகமே மாறிவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இரண்டு கோரிக்கையும் ஒரே சாதி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏரியா சபைக்கு என்று தனிப் பெட்டியில் பணம் கிடையாது. சபை சொன்னது வார்டு குழுவுக்குப் போய், அங்கிருந்து மன்றத்துக்குப் போக வேண்டும். மழைநீர் வடிகால் என்றால் பொறியாளர் மதிப்பீடு போட வேண்டும், நிர்வாக அனுமதி, மன்ற ஒப்புதல், டெண்டர், வேலை உத்தரவு. எட்டு மாதம் அதற்கு அதிகமில்லை. பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வரும். டிசம்பருக்குள் உங்கள் வடிகால் பட்டியலில் ஏறவில்லை என்றால் அடுத்த வருஷம்தான். தெருவிளக்குக்கு எட்டு மாதம் என்பது மட்டும் பாவம். அதற்குச் சாக்கே கிடையாது.

கண்துடைப்பா என்றால், முழுக்க இல்லை. காலி மண்டபத்தைப் பார்த்தவள் நான். 2016 அக்டோபரில் கவுன்சில் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. நடுவில் தனி அலுவலர் ஆட்சி. கவுன்சிலுக்குள்ள அதிகாரம் முழுவதும் ஒரே ஆளிடம். கமிஷனராக அவரே பொருளை முன்வைப்பார், மன்றமாக அவரே ஒப்புதல் தருவார். நான் மினிட் புத்தகத்தில் ‘மன்றத்தின் முன் வைக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்டது’ என்று எழுதுவேன். மன்றம் என்பது ஃபேன் சத்தமும் நானும். சென்னை இதைவிட மோசம் பார்த்திருக்கிறது. 1973இல் மஸ்டர் ரோல் (கூலியாட்களின் வருகைப் பட்டியல்) ஊழல் விவகாரத்தில் கவுன்சிலைக் கலைத்தார்கள், அடுத்த தேர்தல் 1996. பிறந்த பிள்ளை காலேஜ் முடிக்கிற காலம்.

கேள்வி: கவுன்சிலர் பெண். மேடையில் உட்கார்ந்து பதில் சொல்வது அவர் வீட்டுக்காரர். கேட்டால் ‘ரெண்டு பேரும் ஒண்ணுதான்’ என்கிறார். (ஒரு வாசகி)

சட்டத்துக்கு இரண்டு பேரும் இரண்டுதான். பதவியை இரவல் கொடுக்க முடியாது.

எங்கள் மன்றத்திலும் இப்படி ஒருவர் வந்து மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். தலைவருக்குச் சொல்லத் தயக்கம். நான் வருகைப் பதிவேட்டை அவரிடம் நீட்டி, ‘கையெழுத்துப் போடுங்க சார்’ என்றேன். பேனாவை வாங்கினார், பெயர்ப் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். போட்டால் போர்ஜரி. பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். 2016இல் பெண்கள் ஒதுக்கீட்டை ஐம்பது சதவீதமாக்கினார்கள். வேப்பமரங்களும் அதே அளவுக்கு வேண்டும். உங்கள் சபையிலும் கேள்வியை அந்தம்மாவின் முகத்தைப் பார்த்தே கேளுங்கள். வீட்டுக்காரர் பதில் சொன்னால், ‘குறிப்பில் யார் பேர் போடுவீங்க?’ என்று அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி: கவுன்சிலருக்குச் சம்பளம் உண்டா? (வாசகர், காரைக்குடி)

சம்பளம் இல்லை. 2023 ஜூலையிலிருந்து மதிப்பூதியம் தருகிறார்கள். மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், நகராட்சியில் 5,000, பேரூராட்சியில் 2,500. அதற்கு முன் கூட்டத்துக்கு வந்தால் படி என்று ஒரு சின்னத் தொகை. மிக்ஸர் பொட்டலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருக்கிற ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே தார் ஊற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஒவ்வொரு தடவையும் ரோடு உயர்ந்து, என் வீட்டு வாசல்படி இரண்டு தரைக்குள் போய்விட்டது. யாரிடம் கேட்பது? (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்)

ஐயா, உங்கள் கடிதத்தில் ‘ஏன்’ என்ற சொல் ஒன்பது இடத்தில் இருக்கிறது. அந்த ஒன்பதையும் முதலில் எடுத்துவிடுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்’ என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவோம். நானே அனுப்பியிருக்கிறேன், மன்னியுங்கள். காகிதத்தைக் கேளுங்கள். அந்தத் தெருவின் வேலை மதிப்பீட்டு நகல். வேலை உத்தரவு. முக்கியமாக எம்-புக் நகல். எம்-புக் என்பது அளவுப் புத்தகம். எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு கனம், பழைய தளத்தைச் சுரண்டினார்களா இல்லையா என்று அளந்து எழுதி, அதைப் பார்த்துத்தான் கான்ட்ராக்டருக்குப் பில் போடுவார்கள். மதிப்பீட்டில் மில்லிங் (பழைய தளத்தைச் சுரண்டி எடுப்பது) இருந்து, எம்-புக்கிலும் மில்லிங் செய்ததாக எழுதிப் பணம் கொடுத்திருந்தால், உங்கள் வாசல்படியே சாட்சி. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகுதான் புது ரோடு போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுதியிருக்கிறார்.

பொதுத் தகவல் அலுவலருக்கு வெள்ளைத்தாளில் எழுதி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், அடுத்த முப்பது நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அங்கும் தேறவில்லை என்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு.

பலருக்குத் தெரியாத ஒன்று. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(ஜெ) பிரிவைப் படியுங்கள். நடக்கிற வேலையைப் போய்ப் பார்வையிடலாம், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியையும் கேட்டு வாங்கலாம். உங்கள் தெரு ரோட்டின் ஒரு துண்டை, முத்திரை வைத்து, அவர்களே உங்கள் கையில் கொடுக்க வேண்டும். என் பணிக்காலத்தில் ஒரே ஒருவர் அப்படிக் கேட்டார். மனு வந்த அன்று பொறியியல் பிரிவில் மதியச் சாப்பாட்டை யாரும் முழுசாகச் சாப்பிடவில்லை. இந்தச் சட்டத்துக்கு எட்டு வருஷம் முன்பே, 1997இல், தகவல் உரிமைக்கு நாட்டில் முதலாகச் சட்டம் போட்டது தமிழ்நாடு. விதிவிலக்குகள் நிறைய வைத்துப் போட்டதால் அந்த முதல் சட்டம் யாருக்கும் பெரிதாகப் பயன்படவில்லை என்பது வேறு கதை.

கேள்வி: ஆயிரம் வருஷத்துக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை வைத்துத் தேர்தல் நடத்திய இனம் நாம். இப்போது ஏரியா சபைக்கு ஆள் சேராதது வெட்கம் இல்லையா? (வாசகர், செய்யாறு)

பெருமைப்படுங்கள், நானும் படுகிறேன். ஆனால் கல்வெட்டை முழுக்கப் படித்துவிட்டுப் படுவோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும், வைகுந்தப் பெருமாள் கோவில் சுவரில் வெட்டியது. முப்பது குடும்பு (அந்தக் கால வார்டு), குடும்புக்கு ஒருவர். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள். சொந்த மனையில் வீடு, வரி கட்டுகிற கால் வேலி நிலம், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர் ஊர்ச் சபை. நீங்களும் நானும், பீடி சுற்றுகிற அந்த அம்மாவும், குடத்துக்குப் பக்கத்திலேயே போயிருக்க முடியாது.

ஆனால் அந்தக் கல்வெட்டில் ஒரு விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவனுடைய இன்னின்ன உறவுக்காரர்களும் கூடாது என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். அதை மட்டும் பெயர்த்து எடுத்து வந்து எல்லா மன்றக் கூடத்திலும் பதிக்கலாம்.

கேள்வி: தெருவாசிகள் பணம் போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்கிறார்களே, அது என்ன திட்டம்? (குடியிருப்போர் சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்)

நமக்கு நாமே திட்டம். 1997 வாக்கில் தொடங்கியது, நடுவில் தூங்கியது, 2021இல் திரும்ப எழுப்பினார்கள். வேலை மதிப்பில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் போட்டால் மிச்சத்தை அரசு போடும். பூங்கா, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், நூலகம், நீர்நிலை என்று நல்ல வேலைகள் நடந்திருக்கின்றன.

எனக்கு இதில் ஒரு நெருடல். மூன்று லட்சம் திரட்ட முடிகிற தெருவுக்கு அரசின் ஆறு லட்சம் போகிறது. மூவாயிரம் திரட்ட முடியாத குடிசைப் பகுதிக்கு என்ன போகும்? பணம் போடுவதையும் பங்கேற்பு என்றுதான் கோப்பில் எழுதுகிறோம். உங்கள் சங்கத்துக்கு வசதி இருந்தால் பூங்காவை விட்டுவிட்டு, பக்கத்துக் குடிசைப் பகுதிக்குப் பொதுக் கழிப்பறை என்று கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி: நாங்கள் அபார்ட்மென்ட்வாசிகள். தண்ணீர் லாரி எங்கள் செலவு, செக்யூரிட்டி எங்கள் செலவு, சொத்து வரியும் கட்டுகிறோம். கூட்டத்துக்கும் நாங்கள்தான் போக வேண்டுமா? (வாசகர், சென்னை)

வேண்டாம். 2022இல் சென்னையில் பாதிப் பேர்கூட ஓட்டுப் போடவில்லை, 43 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மாநிலத்திலேயே அதுதான் குறைவு. நீங்கள் வராததை மாநகராட்சி ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்டுதான் நடக்கிறது.

கேள்வி: மெயின் ரோட்டில் பதினேழு வருஷமாக வடைக்கடை. திடீரென்று வண்டியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். எண்ணெய்ச் சட்டி, அடுப்பு, மாவு எல்லாம் போச்சு. பையனைவிட்டு எழுதச் சொல்கிறேன். எனக்கும் சட்டம் இருக்கிறதா அக்கா? (பேர் வேண்டாம்)

இருக்கிறது அம்மா. 2014இல் மத்திய அரசு போட்ட தெரு வியாபாரிகள் சட்டம். பையனை இதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முப்பது நாள் முன்னறிவிப்பு தராமல் உங்களை எடுக்கக் கூடாது. பொருளை எடுத்தால் அங்கேயே பட்டியல் எழுதி உங்கள் கையில் கொடுக்க வேண்டும். நீங்கள் போய்க் கேட்டால் கெட்டுப்போகிற பொருளை அன்றைக்கே திருப்ப வேண்டும், மாவும் வடையும் அதில் வரும். சட்டி, அடுப்பு, வண்டி எல்லாம் இரண்டு வேலை நாளுக்குள். பட்டியல் கொடுக்கவில்லை என்றால் அதையே முதல் வரியாகப் போட்டு இன்றே மனு எழுதுங்கள். கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்று கொடுத்து முடிக்கிற வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால் உங்கள் ஊரில் கணக்கெடுப்பு முடிந்ததா, உங்கள் பேர் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஊரில் எங்கே கடை போடலாம், எங்கே கூடாது என்பதில் யோசனை சொல்ல ஒரு நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். கமிஷனர் தலைவர். உறுப்பினர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் தெரு வியாபாரிகள், அதுவும் வியாபாரிகளே ஓட்டுப் போட்டு அனுப்புகிறவர்கள். அந்த நாற்பதில் மூன்றில் ஒன்று பெண்கள். கமிஷனர் மேஜையில் வடைக்கடைக்காரரும் உட்கார்ந்து பேச நாற்காலி வைத்த சட்டம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அந்தத் தேர்தல் எப்போது என்று கேளுங்கள். நில்லுங்கள். பதினேழு வருஷம் ஒரே முக்கில் நின்ற உங்களைவிட அந்த ரோட்டை யாருக்குத் தெரியும்?

கேள்வி: கவுன்சில் கூட்டத்தைப் பொதுமக்கள் போய்ப் பார்க்கலாமா? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

தாராளமாக. நான் வேலை பார்த்த காலத்தில் நகராட்சிகளுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம். வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சட்டத்திலேயே கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்திருக்க வேண்டும், யாரையாவது வெளியே போகச் சொன்னால் காரணத்தை மினிட்டில் எழுத வேண்டும் என்று இருந்தது. இப்போது எல்லா நகர அமைப்புக்கும் ஒரே சட்டம். 1998இல் இயற்றி, 2000இல் நிறுத்திவைத்து, 2023 ஏப்ரல் 13 முதல் நடப்புக்கு வந்தது. என் பதினோரு வருஷத்தில் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் என்றால் நிருபர்கள், கான்ட்ராக்டர்கள், மழைக்கு ஒதுங்கியவர்கள். நீ நாலு தோழிகளைக் கூட்டிக்கொண்டு போ அம்மா. பெஞ்சில் புது முகம் இருந்தால் பேசுகிறவரின் குரல் மாறும்.

கேள்வி: எனக்கு 24 வயது. எந்தக் கட்சியிலும் இல்லை. ஏரியா பிரதிநிதியாக வர முடியுமா? (வாசகர், விழுப்புரம்)

உன் ஏரியா வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தால் தகுதி உண்டு தம்பி. வழிதான் குறுகல். பிரதிநிதிக்குத் தேர்தல் கிடையாது, நியமனம். நியமனம் என்றால் என்ன நடக்கும் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கட்சி வேலை செய்த பையனுக்குக் கவுன்சிலர் என்ன கொடுக்க முடியும்? இதைத்தான் கொடுப்பார். கேரளத்தில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு லட்சம் பேருக்குக் குறைவான நகராட்சிகளில் கிராமசபை மாதிரியே வார்டு சபை, பெரிய ஊர்களில் வார்டு குழு. அந்தக் குழுவில் குடியிருப்போர் சங்கம் போன்ற அமைப்புகளிலிருந்து ஆள் வருவார்கள். கவுன்சிலரின் பாக்கெட்டிலிருந்து மட்டும் பேர் வராது. நம் விதியைத் திருத்தினால் முதலில் இதைத் திருத்த வேண்டும். சபையே பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கட்டும்.

அதுவரை பதவி இல்லாமலே ஒரு வேலை காலியாக இருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு நான் மகளோடு ஒரு மாநகராட்சியில் இருக்கிறேன். 2022 நவம்பரில் எங்கள் ஏரியாவின் முதல் சபை ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆளாளுக்குப் பேசினார்கள். பழக்கதோஷம், மினிட் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்திருந்த அலுவலர் சின்னப் பையன், ‘மனசுல வச்சிருக்கேன் மேடம்’ என்றான். அடுத்த கூட்டத்துக்கு எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போனேன். இடது பக்கம் யார் என்ன கேட்டார்கள், எந்தத் தெரு. வலது பக்கம் காலியாக, பதிலுக்கு. கூட்டம் முடிந்ததும் கவுன்சிலரிடமும் அந்தப் பையனிடமும் கீழே கையெழுத்து வாங்கிவிடுவேன். முதல் தடவை கவுன்சிலர் தயங்கினார். இப்போது அவரே ‘அம்மா, நோட்டு எங்க?’ என்று கேட்கிறார், மேலே போய் சண்டை போட அவருக்கும் ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது.

நீ அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போ. எங்கள் நோட்டில் ‘வாய்க்கால் மூடி உடைந்தது, பிள்ளையார் கோவில் முக்கு’ என்பது மூன்று கூட்டமாக இடது பக்கம் ஏறிக்கொண்டிருக்கிறது, வலது பக்கம் இன்னும் காலி. இந்தத் தடவை பக்கத்திலேயே ‘தேதி?’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.